கிழக்குப் பக்கத்துப் பாலம்

ஹால் பண்ணை, விஸ்ஸிங்கம்
9 மே 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

மூச்சு எப்படி இருக்கிறது? ஆயுசு முழுக்க பூஞ்சை வைக்கோல் தூசியைத் தின்ற நுரையீரலைக் கடல் காற்று கழுவிவிடும் என்று டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

முகவரியைப் பார்த்தால் புரிந்திருக்கும். நம் பண்ணைக்கே திரும்பி வந்திருக்கிறேன். மாவட்டத் தொல்லியல் குழு என்னை நில அளவைக்கு எடுத்திருக்கிறது, தற்காலிகமாக. அறுவடை முடிந்ததும் டட்டன் அகழியைத் தூர்த்து, நடுவிலிருக்கும் தீவையும் சேர்த்து ஒரே கோதுமை வயலாக்கப் போகிறான். நீங்கள் இடத்தை விற்றது அவனுக்கு, அவன் இஷ்டம். அதற்குள் தோண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறான். நம் வீட்டில் அவன் மாமியார் இருக்கிறாள். நான் விறகுக் கொட்டகையில் படுக்கிறேன்.

உங்களுக்கு அது மாடு குடிக்கும் தண்ணீர். எங்களுக்கு அது எழுநூறு வருடம் முன்னால் ஒரு குட்டிப் பிரபு தன் வீட்டைச் சுற்றிச் சதுரமாக வெட்டிய பள்ளம். பெரிதாக ஏதாவது கிடைத்தால் லண்டன் இலாகா அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கும். டட்டனால் ஒரு கூடை மண் கொட்ட முடியாது, எனக்கும் வேலை நிரந்தரமாகும். கிடைக்காவிட்டால் அக்டோபரில் புல்டோசர் வரும்.

எங்கள் தலைவி மிஸ் லாட்டிமர். வாய் அதிகம். "நீ இங்கயே பொறந்து வளந்தவன், தீவுக்குப் பாலம் எங்க இருந்துச்சுன்னு தெரியாதா?" என்றாள். "கிழக்குப் பக்கம் போனாலே எங்கம்மா முதுகுல ஒண்ணு வைப்பாங்க மிஸ். அந்தப் பக்க வேலிக் கதவுக்குக் கம்பி சுத்தி வெச்சிருந்தாங்க" என்றேன். "நல்ல அம்மா. அவங்க இருந்திருந்தா உன்ன வேலைக்கு எடுக்காம அவங்கள எடுத்திருப்பேன்" என்றாள். உங்களுக்குத் தெரியுமா, பாலம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று? ஒரு வரி எழுதுங்கள்.

சர்ச்சுக்குப் போய் அம்மாவின் கல்லையும் லென்னியின் கல்லையும் சுற்றிப் புல் வெட்டினேன். ஏழு வயதில் நிமோனியாவில் போனவன். நான் பிறந்தபோது இல்லாதவன். அண்ணன் என்றால் எனக்கு அந்தக் கல்தான்.

டீ போட விறகு பிளக்க உங்கள் பழைய கோடாரியை எடுத்துக்கொண்டேன். நன்றாகச் சாப்பிடுங்கள்.

மகன்,
ட்ரெவர்


ஃபெலிக்ஸ்டோ
20 மே 1976

அன்பு ட்ரெவர்,

கடிதம் கிடைத்தது. மூச்சு பரவாயில்லை. இங்கே மீன் அதிகம் கொடுக்கிறார்கள்.

கல்லறைப் புல்லை வெட்டியதற்கு நன்றி. சாலைப் பக்கம் தோண்டுங்கள், மண் கெட்டியாக இருக்கும். கிழக்கே ஒன்றும் இல்லை. மாடு மிதித்த சேறு.

அந்தக் கோடாரியின் வாய் உடைந்தது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள். கொட்டகைக் கூரை மேற்கு மூலையில் ஒழுகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


விஸ்ஸிங்கம்
27 ஜூன் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த வெயிலில் உங்களுக்கு எப்படி இருக்கிறதோ. மாமரமா வளர்க்கிறோம் இங்கே, இப்படிக் காய்வதற்கு? சஃபோக்கில் புல் ஒன்றுகூடப் பச்சையாக இல்லை. டீயில் பொறிவண்டு, ரொட்டியில் பொறிவண்டு, சட்டைக் காலருக்குள் பொறிவண்டு. கூரை ஒழுகவில்லை, ஒழுக மழை வேண்டும்.

ஆனால் வெயிலுக்குக் கோயில் கட்டலாம். அகழி வற்றிவிட்டது! நான் ஆயுளில் பார்த்திராத அடித்தரையைச் செருப்போடு நடந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன சாலைப் பக்கத்தில் மூன்று வாரம் வீணாக்கினோம். உடைந்த சீசா, லாடம், ஒரு பால் கேன். கடைசியில் என் கருவியைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோனேன். மண்ணுக்குள் மின்சாரம் அனுப்பி, எங்கே தடைபடுகிறது என்று பார்க்கும் கருவி. தடைபட்டது. முழங்கால் ஆழம் சேற்றை எடுத்ததும் ஓக் கம்பங்கள். நேராக நட்டவை, பக்கத்தில் சரிந்து கிடக்கும் உத்தரங்கள், மர ஆணி அடித்த துளைகள், தச்சன் செதுக்கிய அடையாளக் குறிகள். ஒரு இரும்பு ஆணி கிடையாது. கம்பத்தின் காலடியில் பச்சை மெருகு பூசிய பழைய மண் ஜாடியின் உடைசல்.

மிஸ் லாட்டிமர் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்ஜினியர் சார், ஒங்க டப்பாவ நான் இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்" என்றாள். "எழுதிக் குடுங்க மிஸ்" என்றேன்.

பாலம் அப்பா! பிரபு வீட்டுப் பாலம். இது மட்டும் உறுதியானால் அகழி பிழைத்தது, நானும் பிழைத்தேன். கிழக்கே ஒன்றும் இல்லை என்றீர்களே, எத்தனை வருடம் அதன் மேல் மாட்டை ஓட்டியிருக்கிறீர்கள்!

நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ட்ரெவர்


ஃபெலிக்ஸ்டோ
4 ஜூலை 1976

அன்பு ட்ரெவர்,

நலம். வெயில்தான். நர்ஸ் ஈரத்துணி வைக்கிறாள்.

பழைய களஞ்சியம் ரொம்பக் காலத்தது. அது சாய்ந்த பிறகு அதன் மரம் பண்ணை முழுக்கக் கிடந்தது. வேலிக்கு, தொழுவத்துக்கு, எதற்கெல்லாமோ போட்டோம். மரம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்.

எடுத்த இடத்திலேயே மூடிவிட முடியுமா?

தொப்பி போடாமல் வெயிலில் நிற்காதே. சிறு வயதிலேயே உனக்குத் தலைவலி வரும்.

அப்பா


விஸ்ஸிங்கம்
18 ஜூலை 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

தொப்பி போடுகிறேன். தலைவலி இல்லை. உங்கள் கையெழுத்து போன தடவையை விட நடுங்கியிருக்கிறது, டாக்டரிடம் சொன்னீர்களா?

களஞ்சிய மரம் பற்றி எழுதியிருந்தீர்கள். சேற்றுக்குள் வேலி போடுகிறவன் எவனும் இல்லை. மூடிவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். எதற்காக மூட வேண்டும்? நாங்கள் மூடத்தான் வந்தோமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். பண்ணை விஷயத்தில் நீங்கள் சொன்னால் கேட்பேன், இது என் வேலை. மர வளையம் எண்ணிக் காலம் சொல்லும் ஆய்வுக்கூடத்துக்குத் துண்டு அறுத்து அனுப்பியாயிற்று.

இன்னொன்று கேளுங்கள். பாலம் தானாக விழவில்லை. வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். கம்பங்களின் தலையைக் கழுவி வரைந்துகொண்டிருக்கிறேன். சேறு அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது, நேற்று வெட்டியதுபோல. முதல் சில வெட்டுகள் வழவழப்பாக இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மெல்லிய மேடு ஓடுகிறது. அதாவது நடுவில் எங்கேயோ கோடாரியின் வாய் உடைந்திருக்கிறது. அந்த உடைசல்தான் ஒவ்வொரு வெட்டிலும் கோடு போடுகிறது. அவன் நிறுத்தவில்லை. சாணை பிடிக்கவும் போகவில்லை. தச்சன் வெட்டு இல்லை இது. ஒரே இடத்தில் இரண்டு வெட்டு விழவில்லை. விழுந்து கிடந்த உத்தரத்தையும் விடாமல் வெட்டியிருக்கிறான். விழுந்த மரத்தை எதற்கு வெட்ட வேண்டும்?

"பக்கத்து ஊர்ப் பிரபு படையோட வந்திருப்பான். பகை" என்கிறாள் மிஸ் லாட்டிமர். "படை வந்தா நாலு கோடாரி வந்திருக்குமே மிஸ். இது ஒரே கோடாரி, ஒரே ஆள்" என்றேன். "அப்ப அந்த ஆளுக்கு என்னப்பா ஆத்திரம்?" என்றாள். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. ஒரு பாலத்தின் மேல் யாருக்கு அவ்வளவு ஆத்திரம் வரும்?

பதில் எழுதுங்கள்.

ட்ரெவர்


விஸ்ஸிங்கம்
15 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்கு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தொலைபேசிச் சாவடியிலிருந்து உங்கள் இல்லத்து மேட்ரனைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்காருப்பா. ஜன்னல் பக்கம் நாற்காலியப் போட்டுக்கிட்டு ஒங்க லெட்டரையே மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றாள். பிறகு என்ன? நான் களஞ்சியம் பற்றிக் கடுமையாக எழுதியதாலா? எனக்கு நயமாக எழுத வராது. அது உங்களுக்குத் தெரியும், நீங்கள் வளர்த்த பிள்ளைதானே.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்துவிட்டது. அந்த ஓக் மரத்தை வெட்டிய காலம் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறுகள். மரம் பொய் சொல்லாது. மாவட்டப் பத்திரிகையில் படத்தோடு போட்டிருக்கிறார்கள், வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். 'எழுநூறு ஆண்டுப் பகையின் சாட்சி.' தலைப்பு நான் வைத்ததில்லை. நடுவில் சேற்றோடு நிற்பது நான். இலாகா ஆள் அடுத்த மாதம் வருகிறார். டட்டன் என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறான். வேலை அநேகமாக உறுதி. மரங்களை மியூசியத்தில் வைக்கப் போகிறார்கள்.

நலம் என்றாவது எழுதுங்கள்.

ட்ரெவர்


ஃபெலிக்ஸ்டோ
22 ஆகஸ்ட் 1976

அன்பு ட்ரெவர்,

கோபம் ஒன்றும் இல்லை. கை ஓடவில்லை.

படம் பார்த்தேன். மேட்ரன் எல்லோருக்கும் காட்டினாள். உனக்கு அம்மாவின் தாடை. வேலை கிடைப்பதில் சந்தோஷம். அப்படியே இருக்கட்டும். மரம் பழையதுதான், அதில் பொய் இல்லை.

கொஞ்சம் தூக்கம் குறைவு. மற்றபடி நலம்.

அப்பா


விஸ்ஸிங்கம்
12 செப்டம்பர் 1976

அப்பா,

மழை வந்துவிட்டது. கோடை முழுக்கச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கொட்டுகிறது. நீங்கள் சொன்ன அதே மேற்கு மூலையில் கூரை ஒழுகுகிறது. மரங்களையெல்லாம் எடுத்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொட்டகையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அகழியில் தண்ணீர் ஏறுகிறது.

செவ்வாய்க்கிழமை காலை டீக்கு விறகு பிளந்தேன். ஈரமில்லாத எல்ம் கட்டை. உங்கள் கோடாரி. வேறு வாங்கச் சொன்னீர்கள், நான் வாங்கவில்லை. பிளந்த துண்டை அடுப்பில் வைக்கப் போனபோது வெட்டின முகத்தில் ஒரு மெல்லிய மேடு ஓடியது.

மே மாதத்திலிருந்து தினமும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், பார்க்கவில்லை. ஜூலையிலிருந்து அதே கோட்டை வரைந்துகொண்டும் இருந்திருக்கிறேன். கட்டையைக் கொண்டுபோய்க் கம்பத்தின் பக்கத்தில் வைத்தேன். அகலம் அளந்தேன், சாய்வு அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். அதே வாய்.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. எழுநூறு வருடம் சேற்றில் ஊறிய மரம் மெத்தென்று ஆகியிருக்க வேண்டும், இது உள்ளே அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தது. 'ஓக் அப்படித்தான்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். களஞ்சியம், மரம் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று ஜூலையில் எழுதினீர்கள். ஆய்வுக்கூடம் சொன்னது மரம் வெட்டிய காலத்தை. பாலம் போட்ட காலத்தை இல்லை. இந்த வித்தியாசம் தெரியாதவனுக்கு இந்த வேலையில் இடமில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இலாகா ஆள் இருபத்தொன்பதாம் தேதி வருகிறார். உங்கள் கோடாரியா அப்பா? உங்கள் கையா? நேரான பதில் வேண்டும்.

ட்ரெவர்


ஃபெலிக்ஸ்டோ
24 செப்டம்பர் 1976

அன்பு ட்ரெவர்,

மூச்சு சுமார். தலையணையை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். இதை ஒரேயடியாக எழுத முடியவில்லை, விட்டு விட்டு எழுதுகிறேன்.

என் கோடாரிதான். என் கைதான்.

களஞ்சியத்தின் தெற்குச் சுவர் 1950 கோடையில் சாய்ந்தது. அந்த மரத்தில் லென்னிக்கு ஒரு பாலம் போட்டேன், தீவுக்குப் போய் வர. பழைய துளை, பழைய மர ஆணி, இரும்பு தேவைப்படவில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தேன். நல்ல பாலம் அது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பலகையில் பனி உறைந்திருந்தது. வழுக்கி விழுந்தான். தானே கரையேறி நடந்து வந்து சமையலறைக் கதவைத் தட்டினான். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் துடைத்தாள். "தண்ணி ஒண்ணும் ஆழமில்லப்பா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் காய்ச்சல். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

நிமோனியா என்று உனக்குச் சொன்னது பொய் இல்லை. முன்பாதியைச் சொல்லவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை. அம்மா உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையாவது அந்தத் தண்ணீரைப் பயமில்லாமல் பார்க்கட்டும் என்றாள். பிறகு அவளே உன்னை அந்தப் பக்கம் விடவில்லை.

அடக்கம் முடிந்து வந்த மத்தியானம் கோடாரியை எடுத்தேன். பாலம் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரியும். விழுந்த பிறகும் வெட்டியதாக எழுதியிருந்தாய். எனக்கு அது நினைவில்லை. மரத்தில் இருக்கிறது என்றால் சரியாகத்தான் இருக்கும்.

இடத்தைக் கேட்டவர்களில் டட்டன் மட்டும்தான் அகழியைத் தூர்ப்பேன் என்றான். அதனால் அவனுக்குக் கொடுத்தேன்.

யாருக்கு அவ்வளவு ஆத்திரம் என்று கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை ரொம்ப நாள் மடியில் வைத்திருந்தேன். உன் அம்மாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒருத்தரும் கேட்டதில்லை. நீதான் மரத்தைப் பார்த்துப் படித்தாய். சரியாகப் படித்தாய்.

எனக்காகப் பொய் சொல்லாதே. எனக்காக வேலையையும் விடாதே. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன்.

அப்பா


விஸ்ஸிங்கம்
17 அக்டோபர் 1976

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மிஸ் லாட்டிமரிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு உடனே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது?

கோடாரியையும் விறகையும் கம்பத்தையும் மேசை மேல் வரிசையாக வைத்தேன். பார்த்தாள். சிகரெட் பற்றவைத்தாள். "பைத்தியமாடா உனக்கு? நீ வாயத் தொறக்கலன்னா நூறு வருஷத்துக்கு ஒருத்தனுக்கும் தெரியாது. அகழியும் பொழைக்கும், நீயும் பொழைப்ப" என்றாள்.

"மியூசியத்துல வெப்பீங்க மிஸ். பக்கத்துல அட்டையில 'எதிரிகள் தாக்குதல்'னு எழுதுவீங்க. ஸ்கூல் பசங்க ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டே பாப்பாங்க. அது எங்கப்பா, மிஸ்."

அவள் சிகரெட் விரலைச் சுட்டபின்தான் கீழே போட்டாள். "இலாகாவுக்கு நானே எழுதிக்கறேன். நீ போய் டீ போடு" என்றாள்.

பத்திரிகையில் திருத்தம் போட்டார்கள், விவசாய ஏல அறிவிப்புக்குக் கீழே பொடி எழுத்தில். இலாகா ஆள் வரவில்லை. வேலை நார்விச்சிலிருந்து வந்த ஒருவனுக்குப் போய்விட்டது. நான் சாலைத் துறையில் மனுப் போட்டிருக்கிறேன். அதை நினைத்து வருந்தாதீர்கள். பாலத்தின் வயதில் எழுநூறு வருடம் தவறியவனை நானே வேலைக்கு எடுக்க மாட்டேன்.

வியாழக்கிழமை புல்டோசர் வந்தது. ஓட்டுகிறவன் பெர்ட் என்ற ஆள். மேற்கில் ஆரம்பித்துக் கிழக்கே வந்தபோது நிறுத்தச் சொன்னேன். மரங்களை எடுத்து வந்து, எடுத்த இடத்தில் ஒவ்வொன்றாக இறக்கினேன். என் வரைபடம் இருந்ததால் எந்தக் கம்பம் எங்கே என்று தெரிந்தது.

"நல்ல ஓக்கு தம்பி! குளிர்காலம் பூரா எரியும். குழிக்குள்ள போடுறியே?"

"குழிக்குள்ள இருந்ததுதான் பெர்ட்."

"சரி, ஒன் கட்ட, ஒன் குழி" என்று எஞ்சினைத் திருப்பினான். தண்ணீர் கொஞ்சம் பின்வாங்கியது, பிறகு மண்ணுக்குள் போய்விட்டது. சாயங்காலம் தரை மட்டமாகிவிட்டது. டட்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

கோடாரியைப் போடவில்லை. சாணை பிடித்தால் வாய் சரியாகிவிடும் என்றான் பெர்ட். வேண்டாம் என்றேன்.

முப்பதாம் தேதி சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கடிதம் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. ஒன்று மட்டும் நேரில் கேட்க வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன்: அந்தப் பையனுக்குத் தீவில் என்ன வேலை? பனியில், இருட்டப் போகிற நேரத்தில், எதற்காகப் போனான்?

ஜன்னலை மூடி வையுங்கள், குளிர் வந்துவிட்டது.

உங்கள்,
ட்ரெவர்


ஃபெலிக்ஸ்டோ
24 அக்டோபர் 1976

அன்பு ட்ரெவர்,

சனிக்கிழமை வா. மத்தியானச் சாப்பாட்டுக்கு உன்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நீ கேட்டதை வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

வாத்து. இரண்டு வெள்ளை வாத்து வைத்திருந்தான். நரி வராது என்று தீவில் ஒரு கூடு போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் போய்த் தானியம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வருவான். அன்றைக்கும் சாத்திவிட்டுத் திரும்பும்போதுதான்.

பாலத்தை வெட்டின பிறகுதான் அவை உள்ளேயே அடைபட்டிருப்பது நினைவு வந்தது. தண்ணீருக்குள் இறங்கிப் போய்த் திறந்துவிட்டேன். நெஞ்சு வரைதான் இருந்தது. அவன் சொன்னது சரி, ஆழமில்லை.

நீந்தி வந்திருக்கலாம், வரவில்லை. அங்கேயே இருந்தன. தினமும் கரையில் நின்று தானியம் வீசுவேன். ஒன்று அந்த வருடமே போனது. இன்னொன்று ரொம்ப நாள் இருந்தது. நீ நடக்க ஆரம்பித்ததும் அம்மாவுக்குத் தெரியாமல் உன்னைக் கூட்டிப்போவேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கரையில் நின்று கூப்பிடுவாய். அது கழுத்தை நீட்டிப் பார்க்கும்; அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கும். வராது. உனக்குப் பொறுமை கிடையாது. கத்திக்கொண்டே இருப்பாய்.

உனக்கு நினைவிருக்காது. சனிக்கிழமை கனமான கோட்டு போட்டுக்கொண்டு வா.

அப்பா